வாலனுக்குக் கிடைத்த பாகற்காய்

குரங்குப் பள்ளிக்கூடத்தில் அன்று மந்தி டீச்சருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாகப் புது டீச்சர் ஒருவர் வரப்போவதாகப் பேச்சு. மரத்தடியில் கிடந்த உருண்டைக் கல்லின்மேல் உட்கார்ந்து வாலனும் சோணனும் திட்டம் போட்டார்கள்.

"என் பேரைக் கூப்பிட்டா நீ எந்திரி. உன் பேருக்கு நான் எந்திரிக்கிறேன். புது ஆளுக்கு எங்கே தெரியப் போகுது?" என்றான் வாலன்.

மணி அடித்ததும் எல்லோரும் உள்ளே ஓடினார்கள். பின்னாலேயே மெதுவாக நடந்து வந்தார் ஆமை டீச்சர்.

"சோணன்?"

"உள்ளேன் டீச்சர்" என்றான் வாலன். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. டீச்சர் தலையை ஆட்டிவிட்டுக் கணக்குப் பாடத்தை ஆரம்பித்தார்.

மதியம் சாப்பாட்டு டப்பாக்களைப் பெயர் சொல்லிக் கொடுப்பது டீச்சரின் வேலை. வாலனின் அம்மா அன்று பலாச்சுளை வைத்திருந்தாள். அது சோணன் கைக்குப் போனது. வாலன் கைக்கு வந்த டப்பாவில் வெறும் பாகற்காய்.

"ஏன் சோணா, சாப்பிடலையா?" என்று வாலனைப் பார்த்துக் கேட்டார் டீச்சர்.

வாலன் ஒரு துண்டை மென்றான். கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் சோணன் கடைசிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.

"டீச்சர், நான்தான் வாலன்" என்றான் அழாக்குறையாக.

"தெரியுமே. காலையில என் முதுகுமேல உட்கார்ந்துதானே பேசிக்கிட்டிருந்தீங்க" என்றார் ஆமை டீச்சர். "மிச்சத்தையும் சாப்பிட்டு முடி, சோணா."