நடுவில் ஒரு கல்

"நடுவுல இருக்கிற அந்தக் கல்லை மட்டும் எடுத்துடும்மா, படம் எங்கேயோ போயிடும்," என்றார் ரிஃபாத்.

கெய்ரோக்காரர். மஸ்கட்டுக்கு வந்து கலைக்கூடம் திறந்து வருடம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் ஊரில் கேமரா தூக்கியவர்களை எல்லாம் திட்டித் தீர்த்துவிட்டார். ஸுவைனாவை மட்டும் திட்ட அவருக்கு மனசு வரவில்லை.

மேஜை முழுக்க அவள் எடுத்த படங்கள். காய்ந்த ஓடையில் சேறு வெடித்த கோடுகள், பாறையில் பூத்த உப்பு, அலை வடிந்த மணலில் வரிகள். எது எந்த இடம் என்று சொல்ல முடியாது. வெறும் கோடும் நிழலும்தான், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் படம். கரிய சரளை நிலம், அதில் வரிசையாக மூன்று கற்கள், அவற்றின் நீண்ட நிழல்கள்.

"ரெண்டு கல்லு, நடுவுல வெறும் நிலம். அந்த வெறுமைதான் அழகு. இந்த மூணாவது கல்லு, கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்த மாமா மாதிரி குறுக்கே நிக்குது."

ஸுவைனா சிரிக்கவில்லை. "நான் எதையும் தொடமாட்டேன், உஸ்தாத். கிடக்கிறதைக் கிடக்கிறபடி எடுக்கிறதுதான் என் வழக்கம்."

"யார்கிட்ட கதை விடுறே? அந்த மணல் படத்துல கிளிஞ்சலைத் திருப்பி வச்சது நான்தான்னு போன வாரம் நீயேதானே சொன்னே?"

பக்கத்தில் அவள் கணவன் ஹமூது காபிக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர்ல அழிக்கச் சொல்லலை, அது திருட்டு. நாளைக்குப் போ, காலால ஒரு தள்ளு தள்ளு, மறுபடி எடு. கல்லு என்ன கோவிச்சுக்கவா போகுது?"

ஸுவைனாவின் முகம் வெளுத்தது. "மூணும் இருக்கணும்."

"பாரிஸ் கண்காட்சிம்மா. இந்தப் படம் சரியா வந்தாத்தான் மத்த படத்தையும் மாட்டுவோம்னு அங்கே கறாரா சொல்லிட்டாங்க. இதுக்காக எத்தனை வருஷம் வெயில்ல காய்ஞ்சே?"

"அப்ப எதுவும் போக வேண்டாம்."

படங்களை அடுக்கிப் பையில் போட்டாள். மூன்று கல் படத்தை மட்டும் தனியாகத் துணியில் சுற்றிக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்ததை ரிஃபாத் கவனித்தார். இப்படி ஒரு கை, இப்படி ஒரு பிடிவாதம்.

"நீயாவது சொல்லப்பா, ஹமூது. ஒரு கல்லுக்காக யாராவது இவ்வளவு பெரிய வாய்ப்பைத் தூக்கிப் போடுவாங்களா? அது எந்த இடம்னு சொல்லு, நானே போய் நகர்த்திட்டு வரேன்."

ஹமூது குவளையை லேசாக ஆட்டி, போதும் என்று கீழே வைத்தான்.

"நீங்க வெளியூர், உங்களுக்குத் தெரியாது, உஸ்தாத். எங்க பக்கம் புதைச்ச இடத்துல, கபர்ல, பேரெல்லாம் எழுத மாட்டோம். ஆம்பளைன்னா ரெண்டு கல்லு, பொம்பளைன்னா மூணு. நடுவுல இருக்கிறதை எடுத்துட்டா, அங்கே படுத்திருக்கிறது எங்க பொண்ணுன்னு யாருக்குத் தெரியும்?"