கடைசி ஸ்டாப் வரை

"கடலப் பாத்துட்டு வாங்கன்னு பையன் ப்ளேன் டிக்கெட்டே போட்டுக் குடுத்தான். அதக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டு, இந்த ஓட்டை பஸ்ல குலுங்கிக்கிட்டுப் போறோம். உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

மனைவி மூன்றாவது முறையாகக் கேட்டாள். பெரியவர் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பாமல் எதிரே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலப் பாக்க ஊரே போகுது. இந்த அருவிய எத்தன பேர் பாத்திருக்கான்? நான் பாத்தே ஆகணும்."

"மேலேருந்து தண்ணி விழும். வேற என்ன பெரிய அதிசயம்?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் பிடிவாதம் அவளுக்குத் தெரியாததா? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்ட மனிதர்.

பின் சீட்டிலிருந்து கழுத்தில் கேமராவோடு ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தாள். "சார், நீங்களும் அருவிக்கா? நானும்தான். கூட்டம் போற இடத்துக்கு நான் போறதே இல்ல. இதுக்கு நெட்லகூட ஒரு போட்டோ கிடையாது!"

"மூணு மாடி உயரமாம்மா. வெயில் அடிச்சா வானவில் தெரியுமாம். போயிட்டு வர்றவங்க தலை சொட்டச் சொட்ட, சின்னப் புள்ளைங்க மாதிரி சிரிச்சுக்கிட்டு வருவாங்க."

"அப்ப நீங்க ஏற்கெனவே பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா. இன்னிக்குத்தான் முதல் தடவை."

வளைவில் திடீரென்று லாரி ஒன்று வந்தது. பெரியவரின் வலது கால் தரையை அழுத்தியது. "கால வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று மனைவி அதட்டினாள்.

அடுத்த வளைவில் பஸ் நின்றேவிட்டது. மண் சரிந்து, கல்லும் சேறுமாகப் பாதிச் சாலையை அடைத்துக் கிடந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வண்டி போகாது. திரும்ப வேண்டியதுதான்."

"நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி.

பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். குனிந்து முதல் கல்லைப் புரட்டினார்.

"ஒன்பதடி இடம் கெடச்சா போதும், வண்டி போயிடும். முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் நடந்தே போய்க்கறேன்."

கேமராவைப் பெரியவரின் மனைவியிடம் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணும் இறங்கினாள். பிறகு கண்டக்டர், அப்புறம் முனகிக்கொண்டே மற்றவர்கள். முக்கால் மணி நேரத்தில் பஸ் உரசாமல் அந்தப் பக்கம் போய்விட்டது. பெரியவரின் விரலில் ரத்தம். மனைவி திட்டிக்கொண்டே கைக்குட்டையைச் சுற்றிவிட்டாள்.

கடைசி ஸ்டாப் வந்தது. மரங்களுக்குப் பின்னால் எங்கோ தண்ணீர் இரைந்தது. பெரியவர் யாருக்கும் காத்திராமல் ஒற்றையடிப் பாதையில் விடுவிடுவென்று நடந்தார். "கொஞ்சம் நில்லுங்களேன்!" என்று மனைவி பின்னாலேயே ஓடினாள்.

கேமராப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. "முதல் தடவை வர்றவருக்கு இந்த வயசுல என்ன வேகம் பாருங்க!"

"முதல் தடவையா?" கண்டக்டர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "போன வாரம் வரைக்கும், இருபத்தாறு வருஷமா, இந்த பஸ்ஸ தினம் இங்க ஓட்டிட்டு வந்ததே அவர்தாம்மா. இங்கேருந்து அருவிக்கு நடந்து போகப் பத்து நிமிஷம் ஆகும். வண்டியத் திருப்பி எடுக்க எங்களுக்குக் குடுத்திருக்கறது அஞ்சே நிமிஷம்."