நீல மூடி

தலைமை நர்ஸ் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும் முன்பே கணவர் பிடித்துக்கொண்டார்.

“உன் மேலயே ரிப்போர்ட்டாமே? ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னாரு.”

“ஆமா. ஒரு நோயாளிக்கு ஊசி மருந்தை மாத்திப் போடப் போனேன். காய்ச்சல் கூட்டத்துல வழக்கமான மருந்து தீர்ந்து, வேற கம்பெனி மருந்து வந்துச்சு. அந்தக் குப்பிக்கும் பக்கத்துல இருந்த வீரியமான வேற மருந்துக் குப்பிக்கும் ஒரே நீல மூடி. போட்டிருந்தா அந்த ஆளு பிழைச்சிருக்க மாட்டாரு. நேத்து எங்க வார்டுக்கு மாத்தி விட்ட நர்ஸ் பொண்ணுதான் பாய்ஞ்சு வந்து கையைப் பிடிச்சா.”

“பிடிச்சதோட விட வேண்டியதுதானே? மேலிடத்துக்கு எழுதிப் போடணுமா?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘இங்க நான் இருந்தேன், மத்த வார்டுல யாரு கையைப் பிடிப்பா?’ன்னு கேட்டா.”

“என்ன திமிரு! அவளைச் சொல்லிக் குத்தமில்லை, வளர்த்தவங்களைச் சொல்லணும்!”

“சொல்லுங்க, நல்லா சொல்லுங்க. இன்னைக்கு எல்லா வார்டுலயும் அந்தக் குப்பியைத் தனியா எடுத்துப் பூட்டி வெச்சுட்டாங்க. ‘நாங்களும் மாத்தி எடுத்தோம், பயந்துக்கிட்டு வெளியே சொல்லலை’ன்னு பக்கத்து வார்டுல ஒத்துக்கிட்டாங்க.”

வாசலில் வண்டி நின்றது. நர்ஸ் உடுப்போடு இறங்கிய மகள், உள்ளே வரத் தயங்கினாள்.

“அம்மா, இன்னும் கோபமா?”

“உள்ள வாடி. உன்னை வளர்த்தவங்களைத்தான் அப்பா இவ்வளவு நேரமா திட்டிக்கிட்டிருக்காரு.”

அவர் வாசலுக்கு வந்தார். பிறகு மகளின் தோளில் தொங்கிய பையை வாங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“வளர்த்ததுல பாதி நான். அதையும் மேலிடத்துக்கு எழுதிப் போடச் சொல்லு!”