நல்ல தூக்கம்

எடப்பாடியில் வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ் ஷாஹிஸ்தாவுக்கு, அந்த விசைத்தறி வீட்டில் மனசு கனத்தது.

தொட்டிலருகே மூன்று முறை கை தட்டினாள். கிலுகிலுப்பையை ஆட்டினாள். நான்கு மாதக் குழந்தை அசையவே இல்லை.

"ஊட்டுல நாலு தறி ஓடுதுங்க, பாப்பா எப்படித் தூங்குது பாருங்க!" தறிச் சத்தத்தை மீறிப் பெருமையாகக் கத்தினாள் தாய் தனப்பிரியா.

காது கேட்கவில்லை என்று இவளிடம் எப்படிச் சொல்வது? பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தாள் ஷாஹிஸ்தா.

பட்டென்று கரண்ட் போனது. தறிகள் நின்றன.

குழந்தை திடுக்கிட்டு விழித்து வீறிட்டது.

"இதே ரோதனைங்க! தறிச் சத்தம் நின்னாப் போதும், எந்திரிச்சுக்கும்" என்று அள்ளி எடுத்தாள் தனப்பிரியா.

ஷாஹிஸ்தா பேனாவை மூடினாள். கண் நிறைந்துவிட்டது.

"உடுங்க, நல்லா அழட்டும்!"