நாளைக்கு மருந்து அடிக்கிறேன்

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மருந்து அடிக்கிறேன். தேனீப் பெட்டியையெல்லாம் மூடி வச்சுக்குங்க."

"சரிங்க. மூடிடறேன்."

"காத்து உங்க பக்கம்தான் அடிக்குது. ஜன்னலையும் சாத்திக்குங்க."

"சரிங்க."

பேச்சு முடிந்த பிறகும் அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பேசியது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன். 'ஏய் வாலு' என்று அவளைக் கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு, நான்கு வருடமாக 'ங்க' போட்டுப் பேச வேண்டிய தலையெழுத்து.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தது அண்ணனின் முடிவு. மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். "நீதான் அப்பாவைக் கொன்னே" என்று அத்தனை உறவுக்காரர்களுக்கும் நடுவில் இவள் சொன்னாள். அன்றைக்கே அண்ணன் கிளம்பினார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் பழத்தோட்டத்துக்குப் போனவர்தான், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இவளும் போகவில்லை. ரோஷத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களில்லை.

அறுந்துபோன பேச்சை மீட்டுக் கொடுத்தது அரசாங்கம்தான். பதிவு செய்த தேனீப் பெட்டிகள் மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால், பூச்சிமருந்து அடிக்கிறவர் முதல் நாளே பெட்டிக்காரருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பது விதி. பட்டியலில் இவள் பெயர் ஏறியதும் அண்ணன் போன் செய்தார். முதல் வருடம் நேரத்தை மட்டும் சொன்னார். அடுத்த வருடம் காற்றைப் பற்றியும் சொன்னார். ஒருமுறை நடுவில் இருமினார். டாக்டரைப் பார்த்தீர்களா என்று இவள் கேட்டாள். பார்த்தாச்சு என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இவள் ஒரு மாதத்தை ஓட்டினாள்.

வாசலில் மோட்டார் பைக் வந்து நின்றது. வேளாண்மை ஆபீஸ் ஆய்வாளர், பேன்ட்டில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டியபடியே இறங்கினார். பதிவைப் புதுப்பிக்க வருடத்துக்கு ஒருமுறை பெட்டிகளை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காக வந்திருந்தார்.

அவள் அவரை வாசலிலேயே உட்கார வைத்தாள். முதலில் காபி சாப்பிடுங்கள் என்றாள். சாப்பிட்டார். இன்றைக்கு வெயில் அதிகம், ஈக்கள் கோபமாக இருக்கும், கொட்டிவிடும் என்றாள். கொட்டு வாங்கி வாங்கி மரத்துப்போன உடம்பு இது என்று சிரித்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று வலைத்தொப்பியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார்.

நான்கு பெட்டிகள். முதல் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு இரண்டாவது. மூன்றாவதைத் திறக்கும் முன் வலைத்தொப்பியைக் கழற்றிவிட்டார். நான்காவதில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது? ஒரு ஈகூட இல்லையே."

"மழைக்காலத்துலயே பறந்து போயிடுச்சு சார்."

"காலிப் பெட்டிய எப்படி நான் புதுப்பிக்கிறது? பட்டியல்லேர்ந்து பேரை எடுத்தாகணும்."

"எடுத்துடாதீங்க சார்."

அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பெயரை எடுத்துவிட்டால் அந்த போனும் நின்றுவிடும் என்றாள்.

"அவர் சொன்ன அன்னிக்கு சாயங்காலம் இந்தக் காலிப் பெட்டியைத்தான் சார் ஈரச்சாக்கு போட்டு மூடறேன். மூடறேன்னு அண்ணன்கிட்ட சொன்னது பொய்யா போயிடக் கூடாதுல்ல."

நீங்களே ஒரு போன் போட்டுப் பேசிவிடலாமே என்று ஆய்வாளர் கேட்டார். அந்த வார்த்தையைச் சொன்ன வாயால் என்னவென்று பேச்சைத் தொடங்குவது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

ஆய்வாளர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்போ பேசினார்?"

"இப்பதான், நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நாளைக்குக் காலையில மருந்து அடிக்கிறாராம்."

"நாளைக்கா?"

"ஆமா சார். ஆறு மணிக்கு."

அவர் படிவத்தை எடுத்தார். பெட்டிகள் நான்கு என்று எழுதினார். ஈக்களின் நிலை என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, 'நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஆனா ஒண்ணும்மா. விதி மாறியிருக்கு. இனிமே போன்ல சொன்னா செல்லாது. மருந்து அடிக்கிறவர் நேர்ல வந்து பெட்டிக்காரங்க கையெழுத்தை வாங்கணும்."

"ஆள் அனுப்பலாமா சார்?"

"கூடாது. அவரேதான் வரணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். பிறகு, இரண்டு வருடமாகப் பெருக்காத அந்தக் கொல்லையைப் பெருக்குவதற்குத் துடைப்பத்தைத் தேடிப் போனாள்.

ஆய்வாளர் வண்டியைக் கிளப்பினார். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. சற்று முன்பு, சிலந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவரே உண்டாக்கியது. ஆபீஸுக்குப் போக வேண்டியவர் வண்டியைக் கால்வாய்ப் பக்கம் திருப்பினார். அந்த விதியை இன்னொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. நோய் விழுந்த மரங்களையெல்லாம் போன மாதமே வெட்டிச் சாய்த்துவிட்டு, இன்று காலை அறுத்துப்போட்ட கட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "மருந்து அடிக்கிறவங்க பட்டியல்லேர்ந்து என் பேரை மட்டும் எடுத்துடாதீங்க சார்" என்று கெஞ்சிய அவளுடைய அண்ணனுக்கு.