ஏழாவது கம்பம்

"பொய்யா சொல்றீங்க, பாய்?"

டாக்டர் நல்லசிவம் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மெஹபூப் பாஷா தலையைக் குனிந்துகொண்டார்.

"காலையில பின்வாசல் வழியா பள்ளிவாசலுக்கு விறுவிறுன்னு போனீங்க. என் கண்ணால பார்த்தேன். சாயங்காலமானா மட்டும் ஏழாவது கம்பத்துல கால் வலிக்குதா?"

பாஷா கட்டில் விரிப்பின் ஓரத்தைத் திருகினார்.

"ஆஸ்பத்திரி ரொட்டியும் பாலும் ருசிச்சுப் போச்சோ?"

டாக்டர் இப்படிப் பேசுகிறவரே இல்லை. ஆனால் அவர் வயிற்றெரிச்சல் அவருக்கு.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. பீடியும் சுருட்டும் குடித்து, காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கிப் போனவர்கள் அந்த வார்டில் இருந்தார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நின்றால் விட்டுவிடும். முற்றினால் விரல் கறுத்து, காலையே எடுக்க வேண்டியதுதான். இடுப்புப் பக்கம் ஒரு நரம்பை வெட்டிவிட்டால் குழாய் விரிந்து கால் பிழைக்கும் என்பது நல்லசிவத்தின் நம்பிக்கை.

வெள்ளைக்கார சூப்பரின்டெண்ட் துரை நம்பவில்லை. "ஆறு பேருக்குச் செய்து காட்டு. பாதிக்கு மேல் தேறினால் தொடரலாம். இல்லையென்றால் பழையபடி காலை எடு" என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை நோட்டைக் காட்ட வேண்டும்.

பரீட்சை ரொம்ப எளிது. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து சாந்தோம் சாலையோடு தெற்கே நடக்க வேண்டும். எந்த விளக்குக் கம்பத்தில் வலி வந்து நிற்கிறார்களோ அது நோட்டில் ஏறும். தனியாகப் போனால் எங்காவது விழுந்து வைப்பார்கள் என்று இரண்டிரண்டு பேராக அனுப்புவார் டாக்டர்.

இரண்டு பேர் தேறினார்கள். இரண்டு பேர் தேறவில்லை. மிச்சம் பாஷாவும், தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அய்யாதுரையும். சேர்ந்தே நடக்கும் இவர்கள் இருவருக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் ஐந்து கம்பம். பின்னால் ஏழு. அதைத் தேறியது என்று சொல்ல டாக்டருக்கே வெட்கமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு ஏழாவது ஆள் ஒருவன் காத்திருந்தான். நொச்சிக்குப்பத்துக் கபாலி. இருபத்திரண்டு வயது. கட்டைவிரல் கறுத்துவிட்டது. தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து, விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதையும், கடல் காற்றில் இரண்டு உருவங்கள் சின்னதாகிக்கொண்டே போவதையும் பார்த்துக்கொண்டிருப்பான்.

"இன்னிக்கு எத்தினி கம்பம் சார்?"

"ஏழு."

"நேத்து கனாவுல நான் கம்பம் கம்பமா போய்க்கினே இருந்தேன் சார். கடல் மேலயும் வெளக்கு கீது. போய்க்கினே கீறேன், காலு நோவவே இல்ல."

டாக்டர் குனிந்து அவன் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தார்.

கபாலியின் கால் தங்கள் நடையில்தான் இருக்கிறது என்று பாஷாவுக்கும் அய்யாதுரைக்கும் தெரியாது. தெரிந்தால் இரக்கப்பட்டு, வலியை மறைத்து நடந்துவிடுவார்களே! கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று டாக்டர்தான் மறைத்து வைத்திருந்தார்.

இப்போது பாஷா, குளிக்கப் போயிருந்த அய்யாதுரையின் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தார்.

"எனக்கு வலி இல்ல டாக்டர் சாப். அய்யாதுரை அண்ணாச்சிக்குத்தான் வலி. ஏழாவது கம்பத்தாண்ட அவரு மொகம் சுருங்குது. நான் பாட்டுக்கு நடந்துக்கினு போனா அவரு மனசு ஒடஞ்சிராதா? அதான் நானும் காலைப் புடிச்சிக்கினு நின்னுடுவேன்."

"ஒரு மாசமாவா?"

"அங்க நின்னுக்கினு தெக்கால பாப்போம். 'ஒரு நாளு அடையாறு கடல்ல சேர்ற எடம் வரைக்கும் போய் தண்ணில காலை வெக்கணும் பாய்'னு அண்ணாச்சி சொல்வாரு. கண்ணு ரெண்டும் எங்கியோ போயிரும். அந்த மனுசனை வுட்டுட்டு எப்டி போறது?"

டாக்டருக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் கபாலி?

"உங்க இரக்கத்துக்கு அந்தப் பையன் காலைக் கொடுக்கணுமா, பாய்?" என்று எல்லாவற்றையும் சொன்னார்.

பாஷா எழுந்தார். கபாலியின் கட்டிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே நடந்தார். டாக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். ஏழு, பன்னிரண்டு, இருபது. பாஷா நிற்கவில்லை. முப்பதாவது கம்பத்தில் டாக்டருக்குத்தான் மூச்சு வாங்கியது.

பாஷா அப்படியே தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போக, டாக்டர் திரும்பி வந்து நோட்டைத் திறந்தார். ஆறில் மூன்று. சரிபாதி. துரை கேட்டது பாதிக்கு மேல். அய்யாதுரையின் பெயருக்கு நேரே இருபது என்று எழுதிவிட்டால்? பேனா நின்றது. சீ என்று மூடி வைத்தார்.

வார்டில் அய்யாதுரை தோளில் துண்டோடு தயாராக நின்றிருந்தார்.

"பாய எங்கய்யா காணோம்? வெளக்கு வச்சாச்சே, நடக்கப் போவாண்டாமா?"

அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? டாக்டர் அவரைக் கட்டிலில் உட்கார வைத்தார்.

"மனசைத் தேத்திக்குங்க அய்யாதுரை. பாய் இன்னிக்குத் தனியா நடந்தார். முப்பது கம்பம்."

"முப்பதா? நிக்காமலா?"

"நிக்காம."

அய்யாதுரை தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பாவம், பொறாமையாக இருக்காதா என்று டாக்டர் அவர் தோளைத் தொட்டார்.

அய்யாதுரை அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"அப்படின்னா இந்த ஒரு மாசமா நான் யாருக்காவ நின்னேன், டாக்டரய்யா?"