மேல்கொக்கியின் தழும்பு

ஒரு நாடாவின் இரண்டு முனையிலும் இரண்டு கொக்கிகள் குடியிருந்தன. மெர்லின் பாறை ஏறும்போது, மேல்கொக்கி பாறையில் அறைந்திருக்கும் இரும்பு வளையத்தைக் கவ்விக்கொள்ளும். கீழ்க்கொக்கிக்குள் அவளுடைய கயிறு ஓடும். அந்தக் கயிறுதான் அவளுக்கு உயிர்.

மேல்கொக்கிக்கு வாய் முழுக்கத் தழும்பு. அதில் அதற்கு ஏகப்பட்ட பெருமை.

"எல்லாம் இரும்போட மல்லுக்கட்டி வாங்கினதுடா! நீ என்னடான்னா வழுவழுன்னு உட்கார்ந்தே காலத்தை ஓட்டிட்ட. ஒருநாள் அந்தக் கயிறு எங்கிட்ட வரட்டும், பிடின்னா என்னன்னு காட்டுறேன்."

"வேணாம்ணே, அது பூ மாதிரி. உங்க முரட்டுத்தனத்தைத் தாங்காது," என்றது கீழ்க்கொக்கி.

அன்றைக்கென்று மெர்லின் அவசரத்தில் நாடாவைத் தலைகீழாக மாட்டிவிட்டாள். மேல்கொக்கிக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. கயிறு தன் வாய்க்குள் வந்ததும் விறைப்பாக நின்றது.

பாதிப் பாறையில் மெர்லினுக்குக் கால் வழுக்கியது. கயிறு விண்ணென்று இறுகியது. மேல்கொக்கி விடவே இல்லை. மெர்லின் அந்தரத்தில் இரண்டு ஆட்டம் ஆடி, தப்பித்தாள்.

"பார்த்தியா என் பிடியை!" என்று மார்தட்டியது மேல்கொக்கி.

கயிற்றின் மேல்தோல் கிழிந்து, உள்ளே இருந்த வெள்ளை நூல் பிசிறுபிசிறாகத் தெரிந்தது.

"ஐயையோ, யாரு இப்படிப் பண்ணினது?" என்று பதறியது மேல்கொக்கி.

"உன் தழும்புதான். ஒவ்வொண்ணும் ரம்பப் பல்லாட்டம் இருக்கு," என்றது கயிறு. "நீ இரும்போட மல்லுக்கட்டினே, சரி. நான் என்ன இரும்பா?"